நாலு பேரைத் தெரிந்தவர் பாலமா, சுங்கச்சாவடியா?

மும்பைக்குப் பிழைக்க வந்த தமிழர்களில் பத்திரிகை விளம்பரம் பார்த்து வந்தவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களெல்லாம் யாரோ ஒருவர் கையைப் பிடித்து வந்தவர்கள். மாமன் இருந்தார், மச்சான் இருந்தார், பக்கத்து ஊர்க்காரர் இருந்தார். சட்டைப் பையில் ஒரு விலாசம் இருந்தது. அந்த விலாசத்துக்காரர்தான் தங்க ஒரு கோலி பிடித்துக் கொடுத்தார், முதல் வேலைக்கு ஆள் காட்டினார், ரேஷன் கார்டுக்கு வழி சொன்னார். இப்படிப்பட்டவரைத்தான் 'நாலு பேரைத் தெரிந்தவர்' என்கிறோம். ஒவ்வொரு சாலிலும் ஒருவர் உண்டு. கூலிக்கு ஆள் எடுக்கும் ஒவ்வொரு நாக்காவிலும் ஒருவர் உண்டு.

இவரைப் பற்றி நம்மவர்களிடையே இரண்டு பேச்சு நடக்கிறது. "அவர் இல்லாவிட்டால் நாம் இல்லை" என்பது ஒன்று. "நம்மை வைத்துத்தான் அவன் பிழைக்கிறான்" என்பது மற்றொன்று. சில சமயம் ஒரே ஆள் காலையில் முதலாவதையும் மாலையில் இரண்டாவதையும் சொல்வார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டும் அந்த மனிதரின் குணத்தைப் பற்றிய பேச்சு. நான் சொல்ல வருவது அவர் நிற்கும் இடத்தைப் பற்றி. நல்லவரே போய் நின்றாலும் அந்த இடம் அவரை என்ன செய்கிறது, நம்மை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். தாராவி மறுசீரமைப்புக்காக 2024ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி நம் தலைக்கு மேல் தொங்குகிறது.

அவரால் என்ன பயன்?

முதலில் அவருக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலாளர்கள் தாராவிக்கு வந்தது எப்படி? முதலில் வந்த சிலர் இடம் பிடித்தார்கள். அவர்கள் ஊருக்குச் சொல்லி அனுப்பினார்கள். வந்தவர்கள் மேலும் சிலரை அழைத்தார்கள். மாட்டுங்காவில் குமாஸ்தாக்களும் டைப்பிஸ்டுகளும் குடியேறியதும் இதே வழியில்தான். ஆபீசில் ஒருவர் இருந்தால், அடுத்த காலியிடம் ஊரில் இருக்கும் மருமகன் காதுக்குப் போய்விடும். அப்படிக் கூடியவர்கள் 1932ல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவுமளவுக்கு வளர்ந்தார்கள். தோல் தொழிலாளியும் ஸ்டெனோவும் வேறு வேறு வர்க்கம், வேறு வேறு சாதி. வந்த பாதை ஒன்றுதான்.

இது தமிழனின் தனிக் குணமல்ல. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர், பாஸ்டன் நகரத்தை அடுத்த நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறிய உத்தியோகஸ்தர்களை விசாரித்து 1973ல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திக்கிறவர்கள் 100க்கு 17 பேர்தான். எப்போதாவது சந்திக்கிறவர்கள் 100க்கு 56 பேர். மிக அரிதாகச் சந்திக்கிறவர்கள் 28 பேர். காரணம் எளிது. நம்மோடு ஒரே கோலியில் படுத்து எழுகிறவருக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். நமக்குத் தெரியாத செய்தி, நாம் போகாத இடத்துக்குப் போய் வருகிறவரிடம்தான் இருக்கும்.

இன்னொரு சோதனையும் அங்கே நடந்தது. அதன் முடிவு 1969ல் வெளியாயிற்று. பாஸ்டனில் பங்கு வியாபாரத் தரகராக இருந்த ஒருவருக்கு ஒரு உறையைச் சேர்ப்பிக்க வேண்டும். நேரே தபாலில் போடக் கூடாது. தனக்கு நேரில் பழக்கமுள்ள ஒருவருக்கு அனுப்ப வேண்டும், அவர் தனக்குப் பழக்கமானவருக்கு அனுப்ப வேண்டும். ஸ்டான்லி மில்கிராம், ஜெஃப்ரி டிராவர்ஸ் என்ற இருவர் 296 பேரிடம் இந்த வேலையைக் கொடுத்தார்கள். 64 உறைகள் போய்ச் சேர்ந்தன. அந்த 64ல் 16 உறைகளைக் கடைசியாகக் கொண்டுபோய்க் கொடுத்தது யார் தெரியுமா? அந்தத் தரகர் குடியிருந்த ஊரில் துணிக்கடை வைத்திருந்த ஒரே ஒரு மனிதர்! நாலில் ஒரு பங்கு! ஆயிரம் பேர் வாழும் இடத்தில், வழிகளெல்லாம் இரண்டு மூன்று பேர் வாசலில் போய்க் கூடுகின்றன. ரயில் பாதையில் ஜங்ஷன் இருப்பது போல.

ஜங்ஷன் இல்லாமல் ரயில்வே இல்லை. ஆனால் எல்லா வண்டியும் ஒரே ஜங்ஷன் வழியாகத்தான் போக வேண்டும் என்றால், அங்கே சிக்னல் விழாத நாளில் எல்லா ஊரும் நிற்கும்.

கங்காணியும் ஜாபரும்

பாலம் எப்போது சுங்கச்சாவடி ஆகிறது? இதற்கு நம் முன்னோர்களின் முதுகுத் தழும்புகளே சாட்சி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் மக்களை அழைத்துப் போனவர் கங்காணி. பெரும்பாலும் அதே ஊர், அதே சாதி, தூரத்து உறவுகூட. வழிச் செலவுக்கு முன்பணம் கொடுத்தார். துரையின் பாஷை தெரிந்தவர் அவர், கூலிகளின் பாஷை தெரிந்தவரும் அவர். நடுவில் நின்றவர் அவர் ஒருவரே. தன் ஆட்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்குச் சில சதம் அவருக்குத் தனியாகக் கிடைத்தது. ஆட்களின் கடன் தொகையை எழுதிய 'துண்டு' என்ற சீட்டை வைத்துக்கொண்டு ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு அவர்களைக் கூட்டத்தோடு மாற்ற முடிந்தது. கடனும் கூடவே போயிற்று. அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1921ல்தான்.

பம்பாய் மில்களில் இதே வேலையை ஜாபர் செய்தார். ஆள் எடுப்பதும், ஆளை நீக்குவதும் அவர் கையில். இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த ராயல் கமிஷன் 1931ல் கொடுத்த அறிக்கையில், வேலை கிடைக்கவும் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளவும் தொழிலாளி ஜாபருக்குக் கைக்கூலி கொடுக்கும் வழக்கத்தைக் கண்டித்தது.

கங்காணியும் ஜாபரும் பிறக்கும்போதே கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. இருவருக்கும் முதலீடு ஒன்றுதான்: இரண்டு பேருக்கு நடுவில் உள்ள இடைவெளி. முதலாளியும் தொழிலாளியும் நேரே பேசிக்கொண்டால் அந்த முதலீடு கரைந்துவிடும். ஆகவே இருவரையும் பேச விடாமல் வைத்திருப்பது அவருக்கு அவசியமாயிற்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்று நம் பாட்டிமார்கள் சொன்னது இதைத்தான்.

இன்றும் கதை அதுவே. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு 2021ல் இ-ஷ்ரம் பதிவைத் தொடங்கியது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அப்படியிருந்தும் அதற்குப் பணம் கொடுத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஊரில் உள்ள ரேஷன் கார்டு முன்னுரிமைக் கார்டாகவோ அந்தியோதயா கார்டாகவோ இருந்து, ஆதாரோடு இணைந்திருந்தால், 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் இங்கேயே தானியம் வாங்கலாம். 2022 ஜூனில் எல்லா மாநிலங்களும் இதில் சேர்ந்துவிட்டன. அப்படியிருந்தும் இங்கே புதுக் கார்டு எடுத்துத் தருவதாகச் சொல்லும் ஏஜெண்டின் பின்னால் அலைகிறோம். ஃபாரம் இலவசம். எந்த ஜன்னல், எந்த நாள், எந்தக் காகிதம் என்ற தகவலுக்குத்தான் விலை!

தேர்தல் வந்தால் இந்த இடைவெளிக்கு இரண்டாவது விலை கிடைக்கிறது. "இந்த சாலில் 200 ஓட்டு என் கையில்" என்று அவர் சொல்கிறார். கட்சிக்காரருக்கும் அது வசதி. 200 குடும்பங்களுக்குப் பதில் சொல்வதைவிட ஒருவருக்குப் பதில் சொல்வது எளிதல்லவா? அதனால் கட்சி அவரைப் பெரியவராக்குகிறது. அவர் பெரியவரானதால் நாம் மேலும் அவரிடம் போகிறோம். நம் குறை தீராமல் இருக்கும்வரை அவருடைய வாசலில் கூட்டம் குறையாது.

வாசல் ஏன் நிறைகிறது?

வரதராஜ முதலியாரை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். இளைய தலைமுறை 1987ல் வந்த 'நாயகன்' படத்தின் மூலம் அவரைக் கற்பனை செய்துகொள்கிறது. தூத்துக்குடியிலிருந்து வந்து, விக்டோரியா டெர்மினஸ் ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர், கள்ளச் சாராயத்தால் பெரிய ஆளானார். மாட்டுங்கா ஸ்டேஷன் அருகே அவர் நடத்திய பிள்ளையார் பந்தல் நகரத்துக்கே தெரியும். ஏழைத் தமிழர்கள் அவரிடம் போய் நின்றது சாராயத்தின் மேல் உள்ள பிரியத்தாலா? வார்டு ஆபீசிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் தங்கள் மொழியில் பதில் சொல்ல ஆளில்லாததால் நின்றார்கள். நியாயமான கதவு அடைத்திருந்தால் வேறு கதவு திறக்கும். சினிமாவுக்கு அது வீரக் கதை. நமக்கு அது ஒரு குற்றப்பத்திரிகை. அந்தக் குற்றப்பத்திரிகையில் முதல் எதிரி, ஏழைக்குக் கதவைத் திறக்காத நிர்வாகம்.

அவர் 1988ல் காலமானார். ஒரு மனிதரின் தயவில் கிடைத்த வழிக்கு அந்த மனிதரின் ஆயுள்தான் ஆயுள். பிள்ளைகளுக்கு எழுதி வைக்க முடியாது.

வேலிக்குள் ஒரு வலை

இன்னொரு கசப்பான பாடத்தையும் மறைக்கக் கூடாது. 1960களில் பால் தாக்கரேயின் 'மார்மிக்' வாரப் பத்திரிகை, கம்பெனிகளில் உத்தியோகத்தில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக அச்சிட்டது. ஒருவன் உள்ளே வந்தால் தன் ஆட்களையே இழுத்துக்கொள்வான் என்பது குற்றச்சாட்டு. 1966ல் சிவசேனை பிறந்தது. உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. மராட்டிய இளைஞனுக்கு வேலை இல்லாததற்குக் காரணம் தென்னிந்திய குமாஸ்தா என்பது பொய். வேலையைப் பெருக்காத முதலாளியையும் சர்க்காரையும் விட்டுவிட்டு, பக்கத்து மேஜைக்காரனை எதிரியாகக் காட்டிய பொய். ஆனால் அந்தப் பொய் ஏன் அவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொண்டது? நம் வலை நமக்குள்ளேயே சுற்றிக் கொண்டிருந்தது. பக்கத்துக் கோலி மராட்டியருக்கு நம்மில் ஒருவரையும் நெருங்கித் தெரியாது. தெரியாதவனைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்புவார்கள்.

இன்றும் நம் சங்கங்களைப் பாருங்கள். சாதிக்கு ஒரு சங்கம், தாலுகாவுக்கு ஒரு சங்கம். ஒரே சாதியில், ஒரே ஊரில் நாநூறு பேரைத் தெரிந்து வைத்திருக்கிறவரை நாலு பேரைத் தெரிந்தவர் என்று நான் ஒப்பமாட்டேன். அவருக்கு ஒரே ஆளை நாநூறு தடவை தெரியும், அவ்வளவுதான். மராட்டிய யூனியன்காரர், உத்தரப் பிரதேச டாக்ஸிக்காரர், தெலுங்குக் கொத்தனார், குஜராத்திக் குயவர் ஆகியோரோடு பேசத் தெரிந்தவரே நமக்கு வேண்டிய இணைப்பாளர். மராட்டி எழுதப் படிக்கத் தெரிந்த பத்து இளைஞர்கள் ஒரு சாலில் இருந்தால், பாதி ஏஜெண்டுகளுக்கு வேலை போய்விடும்.

பதிவேடு செய்த வேலை

மாற்று வழி உண்டா என்று கேட்பவர்களுக்கு இந்த மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. மூட்டை தூக்கும் மாத்தாடித் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் டோலி டோலியாக, ஒரு முக்காதம் தலைமையில் வேலை செய்தார்கள். வியாபாரிக்கு முக்காதமைத் தெரியும், தொழிலாளியைத் தெரியாது. அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் அவர்கள் போராடியதன் பலனாக 1969ல் மகாராஷ்டிர மாத்தாடிச் சட்டம் வந்தது. தொழிலாளியும் வியாபாரியும் ஒரு வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கூலியை வியாபாரி வாரியத்தில் கட்டவேண்டும். அதற்கு மேல் ஒரு தீர்வையும் கட்ட வேண்டும். அதிலிருந்து பிராவிடண்ட் ஃபண்டு, போனஸ், மருத்துவம் எல்லாம் தொழிலாளிக்கு வந்தன.

அங்கே நடந்தது என்ன? முக்காதம் மனதில் வைத்திருந்த கணக்கு பதிவேட்டில் ஏறியது. இன்னார் தயவால் வேலை செய்கிறேன் என்றிருந்தவன், இன்ன நம்பர் தொழிலாளி நான் என்று சொல்லத் தொடங்கினான். இன்று அந்த வாரியங்களில் குறைகள் இல்லாமலில்லை. போலி ஆட்களின் தொல்லையும் உண்டு. ஆனாலும் முக்காதமின் தயவுக்கும் வாரியத்தின் பதிவேட்டுக்கும் உள்ள தூரம், அடிமைக்கும் குடிமகனுக்கும் உள்ள தூரம்.

2020 சொல்லிக் கொடுத்தது

2020 மார்ச் 25ல் நாடு அடைக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. மே 1 முதல் ஷ்ரமிக் ஸ்பெஷல் ரயில்கள் ஓடின. ஆகஸ்ட் முடிவதற்குள் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அவற்றில் ஊர் திரும்பினார்கள். அந்த ரயிலில் ஏற டிக்கெட் கவுன்ட்டருக்குப் போய்ப் பயனில்லை. சர்க்கார் வைத்திருந்த பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பட்டியலுக்குப் பெயர் போவது யார் மூலம்? நாலு பேரைத் தெரிந்தவர் மூலம்!

அந்த நாட்களில் அவர்கள் செய்த சேவையை நான் கண்ணால் கண்டேன். ஃபாரம் எழுதி, டாக்டர் சீட்டு வாங்கி, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நின்றார்கள். அவர்களில் பலர் கடைசிவரை ஊருக்குப் போகவேயில்லை. ஆனால் இன்னொன்றையும் கண்டேன். ஒரு சாலில் 40 குடும்பங்களின் விவரம் ஒருவருடைய செல்போனில் மட்டும் இருந்தது. அவருக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போன் அணைந்துவிட்டது. 40 குடும்பங்களும் மூன்று நாள் தவித்தன. எந்த ஸ்டேஷனில் ஃபாரம் கொடுத்திருக்கிறது என்று சொல்லக்கூட ஆளில்லை. அவர் உத்தமமான மனிதர். உத்தமராக இருந்தும் அந்த இடம் ஒருவர் நிற்கும் இடமாக இருந்ததுதான் ஆபத்து.

சங்கம் செய்ய வேண்டியது

அப்படியானால் இந்த மனிதர்களை ஒதுக்கிவிடலாமா? கூடாது. ஒதுக்கினால் நாம்தான் தனி மரமாவோம். அவர்களிடம் உள்ள தொடர்பைச் சங்கத்தின் பொதுச் சொத்தாக ஆக்க வேண்டும். அதற்கு என் யோசனைகள் இவை.

முதலாவது, ஒரு நோட்டுப் புத்தகம். எந்தக் காரியத்துக்கு எந்த ஆபீஸ், எந்த ஜன்னல், என்ன காகிதம், என்ன கட்டணம், எத்தனை நாள் என்று தமிழில் எழுதிச் சங்க அறையில் தொங்கவிட வேண்டும். போய் வந்தவர் ஒவ்வொருவரும் அதில் நாலு வரி எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, பள்ளிப் பிள்ளைகள் எழுதட்டும்.

இரண்டாவது, எந்த ஆபீசுக்கும் இருவராகப் போவது. தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர். அடுத்த முறை அந்தத் தெரியாதவரே இன்னொருவரை அழைத்துப் போக வேண்டும். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பதால் என்னிடமும் டிக்கெட்டுக்கு வருகிறார்கள். முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது, காலை 8 மணிக்குத் திறக்கும், தட்கல் இன்ன நேரம் என்று பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் அவர் ஒரு முறை ஊருக்குப் போவார். விதியைச் சொல்லிக் கொடுத்தால் அவருடைய சாலே ஊருக்குப் போகும்.

மூன்றாவது, சட்டத்தையே நம்முடைய தெரிந்தவராக ஆக்கிக்கொள்வது. 2005ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2015ல் வந்த பொதுச் சேவை உரிமைச் சட்டம், அறிவிக்கப்பட்ட சேவைகளைக் குறித்த கெடுவுக்குள் கொடுக்க அதிகாரியைக் கட்டாயப்படுத்துகிறது. இந்தத் தெரிந்தவருக்கு டீ வாங்கித் தரவும் வேண்டாம், ஓட்டு வாக்குறுதியும் வேண்டாம்.

நான்காவது, தாய்மார்கள். குழாயடியிலும், பள்ளிக்கூட வாசலிலும், ஆஸ்பத்திரி வரிசையிலும் எல்லா மொழிக்காரரோடும் பேசிப் பழகியவர்கள் அவர்கள்தான். எந்தக் கோலி காலியாகிறது, எந்த வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்த பிறகுதான் நமக்குத் தெரியும். ஆனால் சங்கக் கமிட்டியில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. அந்த நாற்காலியை உடனே போட வேண்டும்.

ஐந்தாவது, தாராவிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருப்பதற்கு ஆதாரம் இருந்தால் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது அறிவிப்பு. மற்றவர்களுக்கு வேறு இடம், வேறு விதி. அந்தப் பழைய மின்சார பில்லும் பழைய வாக்காளர் பட்டியலும் இன்று தங்கத்தைவிட விலை உயர்ந்தவை. அசல் காகிதத்தை எவரிடமும், அவர் எவ்வளவு பெரியவரானாலும், கொடுத்து வைக்காதீர்கள். ஜெராக்ஸ் கொடுங்கள், கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு நகலைச் சங்கத்திலும் வையுங்கள். தனியாக ஒருவரை நம்பிப் பேரம் பேசப் போகாதீர்கள். சால் முழுவதும் சேர்ந்து கேளுங்கள்.

இரண்டு ஆட்சேபணைகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். "நமக்காக ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டு அலைகிறார். அவருக்கு ஏதாவது கொடுப்பதில் என்ன தவறு?" தவறே இல்லை. பஸ் செலவும், போன நாளின் கூலியும் சங்க நிதியிலிருந்து, வவுச்சர் போட்டு, எல்லோரும் பார்க்கக் கொடுப்போம். வெளிச்சத்தில் கொடுத்தால் அது கூலி. இருட்டில் வாங்கினால் அது சுங்கம். "செல்வாக்கு உள்ள ஆள் போனால்தான் அதிகாரி மதிப்பார்" என்பது அடுத்தது. ஒரு செல்வாக்குள்ள ஆளை அதிகாரி ஒரு டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடலாம். கையெழுத்திட்ட மனுவோடு வந்து நிற்கும் 30 பேரை எத்தனை டீ கொடுத்துத் திருப்புவார்?

நாலு பேரைத் தெரிந்த நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பெருமைப்படாதீர்கள். சென்ற ஆண்டு உங்களிடம் வந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டு உங்களைத் தேடாமல் தாங்களே போய் வந்தார்கள் என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கு ஏறினால் நீங்கள் பாலம். இறங்கினால், உங்களுக்கே தெரியாமல் சாவடி கட்டிக் கொண்டிருக்கிறீர்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்வேன். அடுத்த முறை ஒருவர் உங்களுக்குக் காரியம் முடித்துக் கொடுத்தால் நன்றி சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "அண்ணே, அது எந்த ஜன்னல், யாரைப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டதை நோட்டில் எழுதுங்கள்.